புல்மோட்டையா, கன்னியாவா, மகாவலி மணலா? கள அறிக்கைக்கு எதை எடுப்பது

இயற்கை வளங்கள் பற்றிய அறிமுகப் புவிச்சரிதவியலை விருப்பப் பாடமாக எடுக்கிறவர்களில் பாதிப் பேர், 'லேசான பாடம், நல்ல புள்ளி வரும்' என்று சீனியர் யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவர்கள்தான். முதல் சில வாரங்கள் அப்படித்தான் போகும். தாது என்றால் என்ன, புதுப்பிக்கக்கூடிய வளம் எது, நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு கள அறிக்கை வரும். குறூப்பாகப் பிரிந்து, பக்கத்திலுள்ள ஒரு வளத்தை எடுத்து, தரவு சேர்த்து எழுதி, விவா எனும் வாய்மொழிப் பரீட்சையில் நின்று பதில் சொல்ல வேண்டும். பாடத்தின் உண்மையான கனம் அப்போதுதான் தெரியும்.

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. வடக்கே புல்மோட்டையின் கனிய மணல், நகருக்கு மேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தெற்கே கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மகாவலியும் அது கொண்டுவரும் மணலும். நானும் இந்தப் பாடத்தைப் படித்தவன். பிறகு தம்பி தங்கைமாரின் குறூப்புகளோடு இந்த மூன்று இடங்களுக்கும் போய் வருகிறேன். எல்லோருக்கும் பிடித்த இடமும் எல்லோருக்கும் பயன்பட்ட இடமும் ஒன்றில்லை என்பதுதான் நான் பார்த்தது.

புல்மோட்டையிலிருந்து தொடங்குவோம். யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அதுதான். நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி 50 கிலோமீட்டர் சொச்சம் போக வேண்டும். கரையிலுள்ள கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட், இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிமம். கூடவே ரூட்டைல், சேர்கோன், கொஞ்சம் மொனசைட் என்ற வேறு கனிமங்களும். 1957இல் அரச கூட்டுத்தாபனமாகத் தொடங்கிய அகழ்வு இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனியின் கையில் இருக்கிறது.

அந்தக் கரையில் கனிமம் சேர்ந்த விதம் அழகானது. சாதாரண மணலில் நிறைந்திருக்கும் குவாட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட கனம், 2.65. இல்மனைட்டுக்கும் சேர்கோனுக்கும் அது 4.5க்கு மேல். அலை திரும்பிப் போகும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. அம்மம்மா சுளகில் புடைக்கிற வேலையைத்தான் கடல் காலங்காலமாகச் செய்துவருகிறது. ஆலையில் நடப்பதும் அதன் தொடர்ச்சியே: ஓடும் நீரில் கனத்தால் பிரித்து, காந்தத்தால் இல்மனைட்டை இழுத்து, மின்புலத்தில் ரூட்டைலையும் சேர்கோனையும் விலக்குவார்கள். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்கோன் கடத்தாது. வகுப்பில் அரைப் பக்கக் குறிப்பாக எழுதியதை அங்கே கண்ணால் பார்த்துவிட்டு, பிள்ளைகள் உற்சாகமாகத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

சிக்கல் அறிக்கை எழுத உட்காரும்போது வருகிறது. அது ஒரு தொழிற்சாலை வளாகம். எழுத்தில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகலாம். போனாலும், காட்டுகிற இடத்தைப் பார்த்து, சொல்கிற எண்ணை எழுதிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆகவே புல்மோட்டை அறிக்கைகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே இருக்கும். அதே படங்கள், அதே ஓட்ட வரைபடம், அதே சதவீதங்கள். விவாவில் 'இந்த எண்ணை நீங்கள் எப்படி அளந்தீர்கள்?' என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் கரையில் அலை விட்டுப்போன கறுப்புக் கோடுகளிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்துக் காயவைத்து நிறுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றிய காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்கு மேலே ஆட்டுங்கள். ஒட்டியதையும் ஒட்டாததையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். சாதாரணக் காந்தம் மக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தை மட்டும் இழுக்கும். இல்மனைட்டுக்குப் பலமான காந்தம் வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் அந்த எண் உங்களுடையது.

இன்னொன்று. ஏறக்குறைய எல்லாப் புல்மோட்டை அறிக்கையிலும் 'கனிமத்தை அப்படியே ஏற்றுமதி செய்கிறோம், வெள்ளைப் பெயின்ற்றுக்கான தைத்தேனியம் ஈரொட்சைட்டை நாமே செய்யலாமே' என்று ஒரு கோபமான பக்கம் இருக்கும். கோபம் நியாயம்தான். இல்மனைட்டின் சூத்திரப்படி அதில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 52.7 சதவீதம், அந்த ஒட்சைட்டுதான். ஆனால் அதைப் பிரிக்க எவ்வளவு அமிலம், எவ்வளவு மின்சாரம், மிஞ்சும் இரும்புக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கணக்கு அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை. அந்தக் கணக்கைத் தொட்ட ஒரு குறூப்பின் அறிக்கை மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தது. மொனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பதைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பக்கக் கதை: தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் இந்த நாட்டில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக நாம் படிக்கிற அதே மனிதர்தான். அப்போது அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவர்.

கன்னியா இதற்கு நேர் எதிர். போக்குவரத்துச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அநுராதபுரம் வீதியில் போய்த் திரும்பினால் வந்துவிடும். ஏழு சின்னக் கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. கையில் ஒரு நல்ல வெப்பமானி இருந்தால் அன்றைக்கே தரவு கிடைத்துவிடும். அளக்கப் பிடித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இலங்கையில் எரிமலை கிடையாது. பிறகு தண்ணீர் எப்படிச் சுடுகிறது? மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேறொரு பிளவு வழியே மேலே ஏறுகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு வெப்பநிலை சுமார் 25 பாகை செல்சியஸ் கூடும் என்று வைத்துக்கொண்டால், நிலத்தின் மேல்மட்டத்தில் 28 பாகை, கிணற்றில் 41 பாகை என்றால், நீர் குறைந்தது அரைக் கிலோமீட்டராவது கீழே போய் வந்திருக்க வேண்டும். ஏறி வரும் வழியில் ஆறியும் இருக்கும், ஆகவே உண்மையான ஆழம் இன்னும் கூட. இந்த ஒரு கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்தபோதுதான் புவிவெப்பம் விளங்கியது என்று சொன்ன பிள்ளைகள் பலர்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆட்கள் வாளி வாளியாக அள்ளிக் குளிக்கும்போது எடுக்கிற அளவு சரியாக வராது, காலையில் கூட்டம் வருமுன் போக வேண்டும். அதோடு, இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற நம்பிக்கையால் அங்கே இறந்தவர்களுக்கான கடமை செய்ய வருகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் வெப்பமானியும் கையுமாக நடுவில் போய் நிற்பது அழகில்லை.

ஆனால் கன்னியாவை ஒரு வளமாக எழுதச் சொன்னால் அறிக்கை மெலிந்துவிடும். இந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்க முடியாது. யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு, தீருமா தீராதா என்ற கேள்விகளுக்கு அங்கே பெரிய பதில் இல்லை. பாடத்தின் பெயரே இயற்கை வளங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் மணல். இதை முதல் தெரிவாகச் சொன்ன குறூப் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. புல்மோட்டை கிடைக்காதவர்களுக்குக் கடைசியில் விழுவதுதான் மணல். 'டிப்பரைப் போய் என்ன படிப்பது' என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் என்னைக் கேட்டால் மூன்றிலும் பாடத்தை முழுதாகத் தொடுவது இதுதான்.

335 கிலோமீட்டர் ஓடி வருகிற மகாவலி, மலைநாட்டுப் பாறைகள் உதிர்ந்த துகள்களைக் கொண்டுவந்து மூதூர்ப் பக்கம் கொட்டுகிறது. வழியிலும் அதில் சேரும் கிளையாற்றிலும் பொல்கொல்லை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று 1970களிலும் 80களிலும் எழும்பிய அணைகள் இருக்கின்றன. மேலேயிருந்து வருகிற மணலில் ஒரு பங்கு அந்த நீர்த்தேக்கங்களின் அடியிலேயே நின்றுவிடும். கீழே வருவது குறைகிறது, கட்டட வேலைக்கு அள்ளுவது கூடுகிறது. 'புதுப்பிக்கக்கூடிய வளம்' என்று வகுப்பில் ஒரு வரியில் சொன்னதற்கு எந்த வேகத்தில் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும் என்பது ஆற்றங்கரையில் நின்றால் தானாக உறைக்கும். அளவு மீறி அள்ளினால் ஆற்றுப் படுக்கை தாழும், கரை இடியும், முகத்துவாரத்திலிருந்து உவர்நீர் உள்ளே ஏறும், பக்கத்துக் கிணறுகள் கெடும். கரையோரத்தில் வயலும் கிணறும் வைத்திருக்கிற ஒரு ஐயாவிடம் அரை மணித்தியாலம் கதைத்தால் இவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்.

கணக்குப் போடவும் இங்கே வழியுண்டு. மணல் விற்பது கியூப் கணக்கில். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் 1.6 தொன் அளவில் நிறுக்கும் என்றால் ஒரு கியூப் நாலரைத் தொன் வரும். வீதியோரம் நின்று ஒரு காலைப் பொழுது டிப்பர்களையும் உழவு இயந்திரங்களையும் எண்ணினாலே அன்றைக்கு எவ்வளவு மணல் போகிறது என்ற மதிப்பீடு கையில் வந்துவிடும். அரிதட்டுகளில் சலித்துப் பருமன் பிரித்துப் பாருங்கள், மேசன்மார் ஏன் கட்டுக்கு ஒரு மணலும் பூச்சுக்கு ஒரு மணலும் கேட்கிறார்கள் என்பதும் புரியும். சட்டமும் இதில் சேர்ந்தே வருகிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, மணல் அகழப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், ஏற்றிப் போகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையில் கொப்பியோடு போய் முதல் கேள்வியாகவே 'பெர்மிட் இருக்கா?' என்று கேட்டால் கதை அத்தோடு முடிந்தது. உங்களை யாரோ அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். தண்ணீரில் இறங்கி மணல் அள்ளுகிற தொழிலாளிகளிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த மாதம் மணல் வரும், எந்த வளைவில் நல்ல பருமன் கிடைக்கும், முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது. ஆற்றை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. மூதூர், கிண்ணியாவில் வீடுள்ள ஒருவர் குறூப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படி இல்லாத குறூப் ஒன்று ஒரு முழுநாளும் பாலத்தடியில் நின்றுவிட்டுப் படங்களோடு மட்டும் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

வேறு தெரிவுகளையும் கேட்பார்கள். சேருவிலவில் 1971இல் கண்டுபிடித்த செம்பும் மக்னடைட்டும் கலந்த படிவு வாசிக்க மிகச் சுவையானது. ஆனால் அது நிலத்துக்கு அடியில் கிடக்கிறது, முதல் வருடப் பிள்ளை போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? நூலக அறிக்கைக்கு எடுக்கலாம். கல் குவாரி வேண்டாம். வெடி வைக்கிற இடத்துக்கு வீட்டில் சொல்லாமல் போகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சரி, யாருக்கு எது? அறிக்கையை விரைவில் முடிக்க வேண்டும், குறூப்பில் ஒருவருக்காவது கணக்குப் பிடிக்கும் என்றால் கன்னியா. தொழிற்சாலை, ஏற்றுமதி, விலை என்று யோசிக்கிறவர்கள், குறிப்பாக வணிகம் படிக்கிற பிள்ளைகள், புல்மோட்டைக்குப் போகலாம். ஆனால் அனுமதிக் கடிதத்தைத் தவணை தொடங்கும்போதே எழுதிவிடுங்கள், நிலாவெளி மணல் வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். இந்தப் பாடத்துக்கு மேலும் புவிச்சரிதவியல் படிக்கும் எண்ணமுள்ளவர்களையும், ஊர்ப் பிரச்சினை ஒன்றை எழுத ஆசைப்படுகிறவர்களையும் நான் யோசிக்காமல் ஆற்றங்கரைக்குத்தான் அனுப்புவேன். புள்ளி எப்படி வரும் என்று கேட்டால், மணல் அறிக்கை நன்றாக வந்தால் மிக நன்றாக வரும், சொதப்பினால் மூன்றிலும் மோசமாகச் சொதப்புவதும் அதுதான்.

எதை எடுத்தாலும் நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஆறு நிரம்பி மணல் அள்ளுவது குறையும், கடல் கொந்தளிக்கும், கன்னியாவில் மழைநீர் கலந்து அளவு குழம்பும். தவணை அந்த மாதங்களில் விழுந்தால் ஒக்டோபர் முடியுமுன் களவேலையை முடிக்கப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை என்றால் வெயில் மட்டும்தான் எதிரி, பத்து மணிக்கு முன் தொடங்கினால் சமாளிக்கலாம்.