விநாயகர் சதுர்த்திப் பூஜைப் பெட்டி: பிள்ளையார் நிறைவு, பத்ரம் குறை

சதுர்த்திக்கு முதல் நாள் மாலை மனைப்பலகையோடு மயிலாப்பூர் மாட வீதிக்குச் சென்று, அச்சில் பிடித்து ஈரம் காயாத களிமண் பிள்ளையாரை அதில் எழுந்தருளச் செய்து வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் குடும்ப வழக்கம். 2025-இல் என் தாயாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவரைத் தனியே விட்டுச் செல்ல மனமில்லாமல், இணையத்தில் பூஜைப் பொருள்களைத் தொகுத்து விற்கும் ஒரு கடையில் 1,150 ரூபாய் செலுத்திச் சதுர்த்திப் பெட்டி ஒன்றைத் தருவித்தேன். பண்டிகை ஆகஸ்டு 27, புதன்கிழமை. பெட்டி 25-ஆம் தேதி காலையிலேயே வந்துவிட்டது.

முதலில் பிள்ளையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு அங்குல உயரத்தில், சுடாத, சாயம் பூசாத களிமண்ணில் செய்து, வைக்கோல் சுற்றி அனுப்பியிருந்தார்கள். தும்பிக்கையின் வளைவிலும் தொந்தியின் திரட்சியிலும் செய்தவருடைய கைப்பழக்கம் தெரிந்தது. கண்களுக்குச் சாயம் தீட்டாமல் குன்றிமணி பதித்திருந்தார்கள். குடையின் காம்பு மட்டும் வழியில் முறிந்திருந்தது. ஈர்க்குச்சி ஒன்றை வைத்துக் கட்டிச் சரிசெய்துகொண்டோம். பெட்டியைத் திறந்தவுடன் என் தாயார் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தபோது, செலவழித்த பணத்தைப் பற்றிய எண்ணமே எனக்கு எழவில்லை.

பெட்டியிலிருந்த வழிபாட்டுக் கையேட்டின் முற்பகுதி மிகவும் பயனுடையது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து முதலில் வணங்குவது, பின்னர் இன்ன நாளில் இந்தப் பூஜையைச் செய்கிறேன் என்று உறுதிசொல்லும் சங்கல்பம், களிமண் பிள்ளையாருக்கு உயிரூட்டும் பிராணப் பிரதிஷ்டை, அவரை எழுந்தருள அழைக்கும் ஆவாகனம் தொடங்கிப் பதினாறு உபசாரங்கள் என ஒவ்வொன்றையும், இன்னதை இதற்காகச் செய்கிறோம் என்ற விளக்கத்தோடு எளிய தமிழில் எழுதியிருக்கிறார்கள். சங்கல்பத்துக்கு மட்டும் அவ்வாண்டுக்குரிய தனித்தாள் ஒன்றை வைத்து, விசுவாவசு வருஷம், தட்சிணாயனம், வர்ஷ ருது, சிம்ம மாதம், சுக்ல பட்சம், சதுர்த்தி திதி, சௌம்ய வாசரம் என்று படித்துச் சொல்லும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். புரோகிதர் கிடைக்காத வீடுகளில் தடுமாற்றம் நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திதி பிற்பகலில் முடிகிறது என்பதையும், நடுப்பகலில் பூஜை செய்வதே சிறப்பு என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்திருந்ததால், கொழுக்கட்டையை எப்போது ஆவியில் வைப்பது என்று முன்கூட்டியே திட்டமிட முடிந்தது.

ஆனால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த 'இருபத்தொரு பத்ரம்', அதாவது பூஜையில் பிள்ளையாருக்குச் சாத்தும் இருபத்தொரு வகை இலைகள், எனக்கு மனவருத்தத்தையே தந்தது. எல்லா இலைகளையும் கலந்து ஒரே நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது துளசி கறுத்து, விஷ்ணுகிராந்தி அழுகியிருந்தது. பிரித்து அடுக்கி எண்ணினால் பதினான்கு வகைகளே தேறின. எவ்விலை எது என்று சொல்லும் சீட்டும் இல்லை. கையேட்டிலோ இந்தப் பகுதியில் மட்டும் வடமொழிப் பெயர்களே இருக்கின்றன. அபாமார்க்கம் என்றால் நாயுருவி, அர்க்கம் என்றால் எருக்கு, சிந்துவாரம் நொச்சி, சமீ வன்னி, பதரீ இலந்தை, தாடிமீ மாதுளை, அர்ச்சுனம் மருது என்று என் தாயார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். துளசியை மற்ற நாள்களில் பிள்ளையாருக்குச் சாத்துவதில்லை, இந்த ஒரு நாளில் மட்டும் பத்ரங்களில் ஒன்றாகச் சேர்ப்பது மரபு என்பதையும் அவர்தான் சொன்னார். வேலியோரத்திலும் தெருமுனையிலும் வளரும் செடிகளே இவற்றில் பல. தமிழ்ப் பெயரை ஒரு வரியில் சேர்த்திருந்தால், குறைந்த இலைகளைப் பலர் தாங்களே பறித்து வந்திருப்பார்கள்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஊமத்தை, அலரி, எருக்கு மூன்றும் நஞ்சுள்ளவை; எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு நேரலாம். பூஜையில் ஆர்வத்தோடு இலை எடுத்துக் கொடுப்பவர்கள் வீட்டுக் குழந்தைகள்தான். எங்கள் வீட்டிலும் நான்கு வயதுப் பெண் குழந்தை அந்தப் பையில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். எச்சரிக்கையாக ஒரு சொல்கூடப் பெட்டியில் இல்லாததை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

சந்தனமும் பஞ்சுத் திரியும் பூணூலும் நன்றாகவே இருந்தன. மஞ்சள்தூள் கரகரப்பாக இருந்ததால் பிடித்த பிள்ளையார் உதிர்ந்துகொண்டே இருந்தார்; சமையலறை மஞ்சளைக் கலந்து பிடித்தோம். கற்பூரம் எரிந்த பின் தட்டில் கசடு தங்கியது. தூய கற்பூரம் அவ்வாறு மிச்சம் வைக்காது.

கையேடு மங்கள ஆரத்தியோடு முடிந்துவிடுவதும் ஒரு குறையே. மறுநாள் மீண்டும் சுருக்கமாகப் புனர்பூஜை செய்து, நைவேத்தியம் காட்டி, தம் இருப்பிடத்துக்கு எழுந்தருள வேண்டும் யதாஸ்தானம் சொல்லிப் பிள்ளையாரைச் சற்று வடக்கே நகர்த்திய பிறகே நீரில் கரைக்க வேண்டும். வரவேற்க அத்தனை பக்கங்கள் ஒதுக்கியவர்கள், வழியனுப்பவும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். நாங்கள் வாளித் தண்ணீரில் கரைத்தோம். மூன்று மணி நேரத்தில் முழுவதும் கரைந்து, குன்றிமணிகள் மட்டும் அடியில் தங்கின. குன்றிமணியும் நச்சு விதை என்பதால் அவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, மண்ணைச் செம்பருத்தித் தொட்டியில் சேர்த்தோம்.

இந்தக் குறைகளையெல்லாம் கடைக்கு எழுதியபோது, இலைக்குரிய தொகையைத் திருப்பித் தர முன்வந்தார்கள். பணத்துக்குப் பதிலாக, அடுத்த ஆண்டு இலைகளை மட்டும் ஈரத்துணியில் சுற்றிச் சதுர்த்திக்கு முதல் நாள் தனியே அனுப்பும்படியும், தமிழ்ப் பெயரோடு நச்சிலைகளுக்கு எச்சரிக்கையும் அச்சிடும்படியும் கேட்டிருக்கிறேன். அதுவரை பிள்ளையாருக்காகவும் சங்கல்பத் தாளுக்காகவும் இப்பெட்டியை வாங்கலாம். பத்ரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.