தீபாவளிக்கு வாங்கிய கேமரா வயர் ரிமோட்
மொட்டைமாடியில் ட்ரைபாட் போட்டு வாணவேடிக்கையைப் படம் எடுக்கவென்றே 600 ரூபாய்க்கு வாங்கினேன். ராக்கெட் கிளம்பும்போது பட்டனை அழுத்தி முன்னே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், மேலே போய் விரிந்து உதிர்ந்ததும் பின்னே இழுத்தால் ஷட்டர் மூடிவிடும், கேமராவைத் தொடவே வேண்டாம். பல்ப் மோடு (பட்டன் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11, 3 அல்லது 4 விநாடி, அவ்வளவுதான். ஃபோகஸை மட்டும் தூரத்துத் தெருவிளக்கில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும்.

குறை அந்தப் பூட்டுதான். இரண்டாவது தீபாவளிக்கே தளர்ந்துவிட்டது, இப்போது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நிற்கிறேன். வயரும் குட்டை. அப்புறம், காற்றில்லாத இரவில் புகை மூடிவிட்டால் எந்த ரிமோட்டும் உதவாது, சீக்கிரமே மாடி ஏறிவிடுங்கள்.