துப்பறியும் விருந்துக்கு பேருந்து நடத்துநர் வேடமா, ரயில் டிக்கெட் பரிசோதகர் வேடமா?

துப்பறியும் விருந்து என்பது, விருந்தினர்கள் வேடமிட்டு, துப்புகளைக் கொண்டு ஒரு கற்பனைக் கொலையாளியைத் தேடும் விளையாட்டு. காக்கிச் சட்டை, தோளில் தொங்கும் தோல்பை, விசில் ஆகியவை இருந்தாலே பழைய காலப் பேருந்து நடத்துநர் வேடம் அமைந்துவிடும், செலவும் குறைவு. கட்டண வாரியாக நிறம் மாறும் டிக்கெட் கட்டுகளுக்கு இடையே ஒரு துப்புச் சீட்டைச் செருகி வைத்தால், எவர் கண்ணிலும் எளிதில் படாது.

ஆயினும், கொலையாளியைத் தேடும் விருந்தில் ரயில் டிக்கெட் பரிசோதகர் வேடத்தையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர், பெயர், வயது, படுக்கை எண் ஆகியவை அடங்கிய முன்பதிவுப் பட்டியலைக் கையில் ஏந்தி, எந்த விருந்தினரையும் நிறுத்தி, "எந்த நிலையத்தில் ஏறினீர்கள்?" என்று கேட்பது முற்றிலும் இயல்பாக இருக்கும். பட்டியலில் பேனாவால் அடிக்கப்பட்ட ஒரு பெயரே வலுவான தடயமாகிவிடும். கோட்டு புழுக்கம் தரும் என்பதால், மெல்லிய துணியில் தைத்துக்கொள்வது நல்லது.