கோ-கார்ட் பின் ஆக்ஸில்: ஒரே ஷாஃப்டா, ஒத்தைச் சக்கரமா?

வீட்டிலேயே எலக்ட்ரிக் கோ-கார்ட் (கூரையில்லாத குட்டி நாலுசக்கர வண்டி) செய்யும் பையன்கள் பேட்டரி, கண்ட்ரோலர் பற்றியே மணிக்கணக்கில் பேசுவார்கள். பின் ஆக்ஸில், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, என்றால் "அது பட்டறையில பாத்துக்கலாம்" என்பார்கள். அக்கா மகனுக்குச் செய்தபோது எங்கள் தலையைத் தின்றது அதுதான்.

வழி இரண்டு. முதலாவது ரேஸ் கார்ட் பாணி ஒரே ஷாஃப்ட். 25 மி.மீ. ஷாஃப்டை இரண்டு யுசிபி 205 பிளம்மர் பிளாக்கில் (சட்டத்தில் போல்ட் போடும் பேரிங் கூடு) ஏற்றி, இரு சக்கரங்களையும் அதிலேயே கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) போட்டுப் பூட்டிவிடுவது. பெரிய லாபம் பிரேக்: ஒரே டிஸ்க் மாட்டினால் இரண்டு சக்கரமும் நிற்கும். வம்பு திருப்பத்தில். சக்கரங்களுக்கு நடுவே 1 மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டத்துக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 6.28 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். சேர்த்துப் பூட்டிய சக்கரம் எப்படி ஓடும்? வழுக்கித்தான். தார் ரோட்டில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். ரேஸ் கார்டில் கிங்பின்னை (முன்சக்கரம் திரும்பும் முளை) சாய்த்து, திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கும்படி வைப்பார்கள். வீட்டு வெல்டிங்கில் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக அமைவது குதிரைக்கொம்பு.

இரண்டாவது, ஒத்தைச் சக்கர டிரைவ். இதில் ஆக்ஸில் சுற்றாது, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பேரிங், ஒரு சக்கரத்தில் மட்டும் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). சிமெண்ட் தரையில் வெண்ணெயாகத் திரும்பும், லேத் செலவும் குறைவு. ஆனால் பிரேக் இரண்டு பக்கமும் தனித்தனி. அந்த ஒரு சக்கரம் புழுதியில் புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இ-ரிக்‌ஷா ஆக்ஸிலையே போடலாமே என்பார்கள். டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி), டிரம் பிரேக் எல்லாம் கூடவே வரும். பத்து வயசுப் பையன் வண்டிக்கு அந்தக் கனம் ஆகாது.

நாங்கள் ஓட்டுவது மேலூர்ப் பக்கம், சித்திரையில் வற்றிய கண்மாயில். பொடிமண்ணில் டயர் தானே வழுக்கும் என்பதால் ஒரே ஷாஃப்ட்தான்.

அடுத்து செயின். பைக் கடையில் சுலபமாகக் கிடைப்பது 428 என்ற அளவுச் செயின். மோட்டார் 3000 ஆர்பிஎம், சக்கர விட்டம் 11 அங்குலம். மோட்டாரில் 11 பல், ஷாஃப்டில் 66 பல் வைத்தால் மணிக்கு 26 கி.மீ. சரி, அளவாக இருக்கிறதே என்று பார்த்தால், 428-இல் 66 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டமே ஏறக்குறைய 267 மி.மீ., சக்கரமோ 280! தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். 8 மி.மீ. பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி) செயினில் அதே 66 பல் 168 மி.மீ.தான். அதையே எடுத்தோம்.

கே.புதூரில் லேத் அண்ணன் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து ஒரு கம்பியை வைத்துப் பார்த்தார். "தம்பி, ஒரு நூல் தள்ளியிருக்கு. செயின் நிக்காது." ஒரு நூல்தானே, அரைக்கால் அங்குலம், என்று எடுத்து வந்துவிட்டோம். கண்மாய்க்குள் முதல் அரைமணி நேரத்தில் இரண்டு தடவை கழன்றது. மோட்டார் தகட்டில் துளையை நீளவாக்கில் அரம் வைத்து ராவி, நகர்த்திப் பூட்டிய பிறகுதான் நின்றது.