பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு எது பொருந்தும்: டிஎன்டி, ட்ரூகாலர், தெரிந்த எண் மட்டும்

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலும், பிள்ளைகள் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விட, ஓய்வூதியத்தை நம்பி ஒருவராகவோ இருவராகவோ பெரியவர்கள் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வீடுகளுக்கு வரும் வேண்டாத அழைப்புகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடன், வீட்டு மனை, காப்பீடு என்று எதையாவது விற்க வருபவை ஒரு வகை. "பென்ஷன் நின்றுவிடும்", "உங்கள் பெயரில் மும்பையில் வழக்கு இருக்கிறது" என்று மிரட்டிப் பணம் பறிக்க வருபவை மற்றொரு வகை. முன்னதை நிறுத்தும் ஏற்பாடு பின்னதைத் தொடுவதே இல்லை என்பதை மனத்தில் வைத்தே கீழுள்ள வழிகளை எடைபோட வேண்டும்.

விளம்பர அழைப்புகள் எனக்கு வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனத்திடம் பதிந்து வைக்கும் டிஎன்டி பதிவு செலவில்லாதது. பட்டன் போனிலும் நடக்கும். 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று குறுஞ்செய்தி அனுப்பினாலோ, அதே எண்ணை அழைத்தாலோ போதும். ஓடிபி வராமல் போய்விடும் என்று அஞ்சிப் பலர் இதைத் தவிர்க்கிறார்கள்; அந்த அச்சத்திற்கு இடமில்லை, ஏனெனில் பரிவர்த்தனைச் செய்திகளை இப்பதிவு தடுப்பதில்லை. பதிந்த பிறகும் விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தியிருக்கிறது. எனினும் இது விதிக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். நகைக்கடைச் சீட்டிலோ கண்காட்சிக் கூப்பனிலோ சம்மதக் கட்டத்தில் 'டிக்' போட்டுக் கொடுத்திருந்தால் அந்த நிறுவனம் தொடர்ந்து அழைக்கலாம். திருடனோ பதிவேட்டைப் பார்த்துவிட்டு அழைப்பவன் அல்லன்.

அடுத்தது, அழைப்பவர் யாரென்று திரையில் காட்டும் வழிகள். ட்ரூகாலர் செயலி பிற பயனர்களின் புகார்களையும், அழைப்பவரே பதிந்துகொண்ட பெயரையும் பெரிதும் சார்ந்து இயங்குகிறது. பல நாளாகத் தொல்லை தந்துவரும் எண்ணை அது நன்றாகவே பிடிக்கும். நேற்று வாங்கிய சிம்மிலிருந்து வருவதை அவ்வளவு எளிதில் பிடிக்காது. வங்கியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு ஒருவன் அழைத்தால், எண்ணை மட்டும் பார்த்திருந்தால் தயங்கியிருக்கக்கூடிய பெரியவர் பெயரைப் பார்த்ததும் நம்பிவிடுவார். இலவசப் பதிப்பின் விளம்பரங்கள் வேறு. கண் மங்கியவர் பச்சைப் பொத்தானைத் தேடி விளம்பரத்தை அழுத்திவிடுகிறார். ஏர்டெல் 2024 செப்டம்பரில் தொடங்கிய எச்சரிக்கை முறை இதைவிட மேல் என்பது என் கருத்து: செயலி எதுவும் தேவையில்லை, பெயரும் காட்டுவதில்லை, 'ஸ்பேமாக இருக்கலாம்' என்ற சந்தேகத்தை மட்டும் தெரிவிக்கிறது. ஆனால் இரண்டிலுமே மணி அடிக்கும், எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரியவரின் தலையில்தான் விழும்.

அந்த முடிவையே அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது மூன்றாவது வழி. ஆண்ட்ராய்டு போனில் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பை எப்போதும் இயங்கும்படி வைத்து, சேமித்த எண்களிலிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டும் மணி அடிக்கும்படி செய்யலாம். மற்றவை ஓசையின்றி வந்து தவறிய அழைப்புகளாகப் பதிவாகும். இதைச் சொன்னதும் எங்கள் பக்கத்து ஆச்சிமார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கேஸ்காரன் கூப்பிட்டு எடுக்கலன்னா சிலிண்டரத் திருப்பிக் கொண்டு போயிருவாம்லா?" நியாயமான கேள்வி. அதற்கு அந்த அமைப்பிலேயே ஒரு வாசல் இருக்கிறது: ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்திற்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்க விடும்படி வைக்கலாம். வாசலில் சிலிண்டரோடு நிற்பவர் மறுபடி அழைப்பார். விடாக்கண்டனான மோசடிக்காரனும் அழைக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் எல்லா அழைப்புக்கும் மணி அடிப்பதோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி சிறியது.

இந்த வழிக்கு வேலை முழுவதும் தொடக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவர், மருந்துக்கடை, பால்காரர், வங்கிக் கிளை, பக்கத்து வீடு, ஆட்டோ அண்ணாச்சி என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து சேமித்தாக வேண்டும். வளைகுடாவிலிருக்கும் பிள்ளையின் எண் நாட்டுக் குறியீட்டோடு இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குத் தடை இருப்பதால், மகன் வேறு செயலி வழியாக அழைத்தால் அதற்கும் மணி அடிக்கிறதா என்று அங்கிருந்து ஒருமுறை அழைக்கச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென ஒதுக்கிய, 1600 என்று தொடங்கும் எண்களும் ஓசையின்றியே வரும். அதனால் இழப்பில்லை, பாஸ்புக்கில் உள்ள கிளையின் எண்ணுக்கு நாமே பேசிக்கொள்ளலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கும் நவம்பர் மாதத்தில், அதன் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்பவர்கள் வருவார்கள் என்பதால், அந்தப் பருவத்திற்கு முன்பே இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 'டிஜிட்டல் கைது' என்று சீருடையில் வந்து மிரட்டும் காணொளி அழைப்புகள் பெரும்பாலும் அந்த வழியாகவே வருகின்றன. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2023 முதல் வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பிலேயே, அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் வைக்கும் வசதி இருக்கிறது. டிஎன்டி பதிவு வாட்ஸ்அப் பக்கமே போகாது என்பதால், இதை விட்டுவிட்டால் முன்கதவைப் பூட்டிவிட்டுப் புறவாசலைத் திறந்து வைத்ததாகிவிடும்.

ஆகவே பெரியவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் தெரிந்த எண் முறையும் வாட்ஸ்அப் அமைப்பும் முதலில், டிஎன்டி அதற்கு அடியில் எப்போதும் இருக்கட்டும், ட்ரூகாலர் வேண்டாம். வியாபாரம் செய்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அறியாத எண்கள்தான் அவருடைய பிழைப்பு என்பதால், டிஎன்டியோடு ஏர்டெல் தருவது போன்ற எச்சரிக்கையும் இருந்தால் போதும். பட்டன் போன்களில் சிலவற்றில் மட்டுமே அனுமதித்த எண்களின் பட்டியல் வைக்கும் வசதி உண்டு. மற்றவற்றுக்கும் தரைவழித் தொலைபேசிக்கும் 1909தான் கைகொடுக்கும்.

புகார் செய்யும் இடங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மோசடி அழைப்பு வந்து, பணம் போகவில்லை என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலுள்ள சக்ஷு பகுதியில் பதியலாம். பணம் போய்விட்டால் சக்ஷுவில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பிருப்பது அந்த வழியில்தான்.