கல்லீரல் நோயாளிக்கு இடுப்பெலும்பு உடைந்தால்: வார்டா, ஹோம் நர்ஸா, வீட்டு ஆளா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பெரியப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கி இறுகிப்போன நிலை. ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் பேச்சு வந்ததும், நான் நர்ஸ் என்பதால் வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யார் பார்த்துக்கொள்வது?

இந்த இரண்டு நோயும் ஒன்றுக்கொன்று எதிரி. எலும்புக்கு வலி மாத்திரை வேண்டும். ஆனால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவையும் உண்டாக்கும். டிராமடால் என்ற வலி மாத்திரையோ மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும். எல்லாரும் பயப்படும் பாரசிட்டமால்தான் பெரும்பாலும் முதல் தேர்வு, அதுவும் டாக்டர் சொல்லி, நாளுக்கு 2 கிராமுக்குள். ஆகவே எந்த ஏற்பாட்டையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: மோஷன் எத்தனை முறை போனது என்று அங்கே யாருக்காவது தெரியுமா?

வார்டில் ரத்தப் பரிசோதனை உடனே நடக்கும். ரத்தக்கசிவால் மலம் கறுப்பாகப் போனால் ஓடிவர டாக்டர் உண்டு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் எலும்புப் பிரிவும் கல்லீரல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய பலம். ஆனால் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்! இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது கூட இருக்கும் அட்டெண்டர் தலையில்தான் விழுகிறது. அதிக நாள் இருந்தால் தொற்று பயம் வேறு.

ஹோம் நர்ஸ் வைத்துத்தான் முதலில் பார்த்தோம். ஏஜென்சி அனுப்பிய பெண் நல்லவள். தூக்குவது, குளிப்பாட்டுவது, குதிகால் படுக்கையில் படாமல் தலையணை வைப்பது எல்லாம் சுத்தம். ஆனால் முறையாக நர்சிங் படித்தவள் இல்லை. வலி என்று பெரியப்பா முனகியதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மூன்று நாள் மோஷன் போகாததையும் யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. "ஹார்பருக்கு நேரமாச்சு, சட்டையை எடும்மா" என்றார். ரிட்டயராகிப் பல வருஷம் ஆனவர். கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் சிறகு மாதிரி அடித்துக்கொண்டன. அம்மோனியா மூளையைக் குழப்புவதன் அடையாளம் அது. அன்றே ஆஸ்பத்திரி. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. என்ன கவனிக்க வேண்டும் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டு ஆளுக்குத் தூக்கத் தெரியாது, முதுகு பிடித்துக்கொள்ளும். உப்பைக் கட்டுப்படுத்துவதும் சிரமம், காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது கருவாட்டை எப்படி மறக்கச் சொல்வது? அதைவிட ஆபத்து, காமாலைப் பத்தியம் என்று பருப்பு, முட்டை, மீனை நிறுத்துவது. புரதம் இல்லாவிட்டால் தசையும் கரையும், உடைந்த எலும்பும் ஒட்டாது. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி கொடுப்பது இவர்களுக்கு மருந்து மாதிரி. ஆனாலும் "இவர் பேச்சே சரியில்லையே" என்று முதலில் கண்டுபிடிப்பது பெரியம்மாதான், எந்த நர்ஸும் இல்லை.

சரி, என் தேர்வு? மோஷன் ஒழுங்காகி, வாக்கர் பிடித்து நாலு அடி வைக்கும்வரை வார்டு. அப்புறம் வீடு. ஹோம் நர்ஸ் பகலில் தூக்கவும் குளிப்பாட்டவும் மட்டும், மாத்திரை டப்பா வீட்டு ஆளிடம். பயிற்சிக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்களா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இப்போது பெரியம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். மோஷன், காலையில் பார்த்த உடல் எடை, தூக்கம், உடைந்த பக்கத்துக் கால் மட்டும் வீங்குகிறதா என்று நான்கு கட்டம். மோஷன் இரண்டு முறைக்குக் கீழே போனால், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மலம் இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பைக் கொஞ்சம் கூட்டுகிறார். மூன்றைத் தாண்டினால் குறைக்கிறார்.