பகல் முகாமா, மலை முகாமா, சாரணர் அணியா? கோடை விடுமுறைக்கு முன் ஓர் ஒப்பீடு

ஏப்ரல் மாதம் தேர்வுகள் முடிந்ததும், இயற்கையோடு பழகவும் வெளியில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவும் குழந்தைக்கு எங்கே கற்றுத்தரலாம் என்று தேடும் சென்னைப் பெற்றோருக்கு மூன்று வழிகள் உள்ளன: காலையில் சென்று நண்பகலுக்குள் திரும்பும் பகல் முகாம், ஏற்காடு போன்ற மலையில் சில இரவுகள் தங்கும் முகாம், ஆண்டு முழுவதும் பள்ளியிலேயே நடக்கும் சாரணர் பயிற்சி. மூன்றையும் என் பிள்ளைகளுக்காக வெவ்வேறு ஆண்டுகளில் நாடியிருக்கிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பகல் முகாமே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முதன்மையான காரணம், ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்வதுதான். மலைக்குப் போகும் குழந்தை பார்ப்பதெல்லாம் புதிது. ஆனால் ஒரே புங்கை மரத்தடிக்குப் பத்து நாள் தொடர்ந்து வரும் குழந்தை, நேற்று இல்லாத எறும்புப் புற்று இன்று எழுந்திருப்பதையும், காகத்தின் கூட்டைச் சுற்றிக் குயில் ஏன் வட்டமிடுகிறது என்பதையும் தானாகவே கவனிக்கத் தொடங்குகிறது. கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புதான். ஆயினும் புள்ளிமானும் வெளிமானும் வாழும் காட்டை நகருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இயற்கையைக் காண வெகுதொலைவு போக வேண்டும் என்று குழந்தைகளை நம்ப வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது காரணம், கற்றதை அன்றே வீட்டில் செய்து பார்க்க முடிவது. ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியைக் கால் மணி நேர இடைவெளியில் இருமுறை குறித்தால், முதல் குறி மேற்கையும் இரண்டாவது குறி கிழக்கையும் ஏறத்தாழக் காட்டும் என்பதை முகாமில் கற்று வந்த என் மகள், மறுநாள் மொட்டை மாடியிலும் ஒரு குச்சியை நிறுத்தினாள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று எங்கோ படித்திருந்தவளுக்கு, மே மாதச் சென்னையில் அது தெற்கே விழுந்தது பெரும் வியப்பு. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடபுறம் நிற்பதே அதற்குக் காரணம் என்று அவளே கண்டறிந்த அந்த நாளை எந்தப் பாடப்புத்தகமும் தந்திருக்க முடியாது.

பகல் முகாமின் குறை வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்தரைக்கு மேல் குழந்தைகளைத் திறந்த வெளியில் வைத்திருக்கும் முகாமுக்கு அனுப்பாதீர்கள். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கும், உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் கரைசலைத் தயாரிக்கக் குழந்தைகளுக்கே கற்றுத்தருகிறார்களா என்று கேளுங்கள். அதுவும் வெளிப்புறத் திறன்தான். நாங்கள் முதலில் சேர்த்த ஒரு முகாம், 'இயற்கை' என்ற பெயரில் குளிரூட்டப்பட்ட அறையில் படங்களை மட்டும் காட்டியது; கட்டணத்தை விட, அந்த ஒரு வாரம் வீணானதே எனக்கு வருத்தம்.

மலை முகாம் தருவதைப் பகல் முகாமால் தர இயலாது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு: இரவு. ஏற்காட்டில் மேகமற்ற மே மாத இரவில், வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் கொண்டு, அடிவானத்துக்குச் சற்றே மேலே ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் மங்கலாக நிற்கும் துருவ நட்சத்திரத்தைத் தேடவும், தெற்கே திரும்பித் தென்சிலுவையைக் காணவும் முடியும். கூடாரம் கட்டுவது, விறகடுப்பில் சமைப்பது, வீட்டு நினைவைத் தாங்குவது ஆகியவையும் அங்கேதான் கைகூடும். ஆனால் செலவு மிகுதி. எட்டு வயதுக் குழந்தைக்கு முதல் இரவே சுமையாகிவிடலாம். பதினொரு வயதுக்குப் பிறகு அனுப்புவது நல்லது.

சாரணர் இயக்கத்தின் தொடக்கமே 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் அதன் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முகாம்தான். இங்கே குருளையர் (சிறுவர் பிரிவு), நீலப் பறவையர் (சிறுமியர் பிரிவு) என்று சிறுவயதிலேயே தொடங்கி, சோபான் எனப்படும் பயிற்சிப் படிகள் வழியே ராஜ்யபுரஸ்கார் என்ற மாநில விருது வரை செல்லும் ஒழுங்கு உண்டு. முடிச்சுகளைப் பொறுத்தவரை, இழுத்தாலும் இறுகாத கண்ணியை என் மகன் இருட்டிலும் போடுவது அந்தப் பயிற்சியால்தான். செலவும் மிகக் குறைவு. எனினும் எல்லாம் பொறுப்பாசிரியரின் ஆர்வத்தைச் சார்ந்தது. அணிவகுப்போடு நின்றுவிடும் பள்ளிகளும் உள்ளன.

எதைத் தேர்ந்தாலும், பணம் கட்டும் முன் பாம்புக்கடி பற்றிக் கேளுங்கள். கடித்த இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், அந்தக் கை அல்லது காலை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வோம் என்று அவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்; அந்த மருத்துவமனை எது, எத்தனை நிமிடத் தொலைவு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.